சாட்சி சொல்ல என்ன அவசரம்?

அன்புள்ள ஐயா,

என் தம்பிக்கு எட்டு வருடமாக வலிப்பு. சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில் ஊழியக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்து, "சுகமாகிவிட்டது, இனி மாத்திரை போட்டால் அவிசுவாசம்" என்றார். அன்றிரவே நிறுத்திவிட்டான். ஒன்பது நாளாக வலிப்பு வரவில்லை. ஞாயிறன்று சபையில் சாட்சி சொல்லப் போகிறான். எனக்குப் பயமாக இருக்கிறது. என் பயம் அவன் சுகத்தைத் தடுக்குமா? எண்ணெய் பூசி ஜெபிக்க எந்த எண்ணெய் நல்லது?

அன்புள்ள சகோதரி,

இதைப் படித்ததும் மருத்துவரை அழையுங்கள். பழைய மாத்திரையைப் பழைய அளவிலேயே நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்தைப் பல நாள் விட்டிருந்தால் சிறு அளவிலிருந்துதான் மறுபடி ஏற்றவேண்டும். இல்லாவிட்டால் தோலில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரலாம். மருத்துவர் சொல்லும்வரை நீந்துவது, வண்டி ஓட்டுவது இரண்டும் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

ஒன்பது நாள் வரவில்லை என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மாதம் ஒருமுறை வலிப்பு வருகிறவருக்கு ஒன்பது நாள் சும்மாவே கழியும். மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி. சோதனை சரியாக இருந்தால்கூட நோய் போய்விட்டது என்று ஆகாது. பொதுவாக இரண்டு வருடமாவது வலிப்பில்லாமல் இருந்த பிறகுதான் மருத்துவர்கள் மருந்தைக் குறைப்பதைப் பற்றியே பேசுவார்கள், அதையும் மாதக்கணக்கில், படிப்படியாகச் செய்வார்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடங்காமல் தொடர்ந்து ஆளையே கொண்டுபோய்விடவும் கூடும்.

உங்கள் பயம் எதையும் தடுக்காது. மாற்கு 9-ல் வலிப்புள்ள மகனைக் கொண்டுவந்த தகப்பனும் பாதி அவிசுவாசத்தோடுதான் வந்தான், அதை வாய்விட்டும் சொன்னான். பையன் சுகமானான். இதில் மேலே பேச ஒன்றுமில்லை.

எனக்கு ஆற்றாமை அந்த ஞாயிற்றுக்கிழமை சாட்சியைப் பற்றித்தான். மாற்கு 1-ஐ எடுத்துப் பாருங்கள். குஷ்டரோகியை இயேசு தொட்டார், உடனே சுகம். அடுத்து அவர் சொன்னது என்ன? யாரிடமும் சொல்லாதே, போய் ஆசாரியனிடம் உன்னைக் காட்டு, மோசே கட்டளையிட்டதைச் செய். அந்தக் கட்டளை லேவியராகமம் 14-ல் இருக்கிறது. ஆசாரியன் பாளயத்துக்கு வெளியே வந்து சோதிக்க வேண்டும். உடையைத் தோய்த்து, மயிரெல்லாம் சிரைத்து, குளித்து உள்ளே வந்தவனும் ஏழு நாள் தன் கூடாரத்துக்கு வெளியேதான் தங்க வேண்டும். ஏழாம் நாள் மறுபடி சிரைக்க வேண்டும், எட்டாம் நாள்தான் காணிக்கை. முந்தின அதிகாரத்தில், சந்தேகமான தழும்பென்றால் ஏழு நாள் அடைத்துவைத்துப் பார், தெளியாவிட்டால் இன்னும் ஏழு நாள் என்றிருக்கிறது. குணமாக்கியவரே சோதனைக்கு அனுப்புகிறார்! அந்த மனிதனோ கேட்காமல் ஊரெல்லாம் சொன்னான்; இயேசு வெளிப்படையாகப் பட்டணத்துக்குள் போக முடியாமல் போயிற்று. ஜெபித்த கையோடு மைக்கை நீட்டுகிற ஊழியக்காரர்கள் இந்த வசனத்தைப் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறீர்களா?

நோயாளிகள் சுகம் தேடிப் போகும் கத்தோலிக்கத் திருத்தலமான பிரான்சின் லூர்து நகரில், அப்படிச் சுகமானதாகச் சொல்கிறவர்களைச் சோதிக்க 1883 முதல் மருத்துவ அலுவலகம் இருக்கிறது. 7,000-க்கும் மேற்பட்டவர்கள் சுகமானதாக அறிவித்திருக்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபை அற்புதம் என்று ஏற்றது 70-ஐச் சற்றே தாண்டும். நோய் கடுமையானதா, மருந்தால் வந்த சுகமா, திடீரென்றும் முழுமையாகவும் நடந்ததா, திரும்ப வந்ததா என்று துருவுவார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்கவே வருடங்கள் ஆகும். உங்கள் ஊழியக்காரருக்குக் கைவைத்த நிமிடமே தெரிந்துவிட்டதாம்!

தம்பியைத் திட்டாதீர்கள். எட்டு வருடம் மாத்திரை விழுங்கியவன், இனி வேண்டாம் என்று ஒருவர் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டான், பாவம். பவுல் தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுவந்தார், தீமோத்தேயுவின் வயிற்றுக்குத் திராட்சரசம் கொஞ்சம் குடிக்கச் சொன்னார். இருவரையும் அவர் அவிசுவாசி என்னவில்லை. இதை அவனிடம் வாசித்துக் காட்டுங்கள். சாட்சியைத் தள்ளிவைக்கும்படி போதகரிடம் நீங்களே பேசுங்கள்.

எண்ணெய் கேட்டிருந்தீர்கள். எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொன்ன யாக்கோபு, தன் நிருபத்தில் எந்த எண்ணெய் என்று சொல்லவில்லை, வீட்டிலிருப்பது போதும். மூப்பர்களை அழைத்து ஜெபியுங்கள், மருத்துவர் சொன்னபடி மாத்திரையும் நடக்கட்டும்.