சீந்தில் கொடி: கேளுங்க, சொல்லுதேன்

(பதில் சொல்பவர் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் பார்ப்பவர்.)

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, அனுமன் கொண்டுவந்த சஞ்சீவி சீந்தில்தானா?

இல்ல தம்பி, அது வேற கதை. சீந்தில் வருதது போர் முடிஞ்ச பிறகு. ராவணன் மாண்டதும் இந்திரன் அமிர்தத்தைத் தெளிச்சு, செத்துக் கிடந்த வானரங்களை எழுப்புதான். அதுங்க மேல இருந்து துளி சிந்தின இடத்துல முளைச்ச கொடி இதுன்னு பாவப்பிரகாசம்ங்கிற ஆயுர்வேத நூல் சொல்லுது. அமிர்தவல்லின்னு பேரு வந்தது அப்படித்தான். ஒரு துண்டை வெட்டி வேலியில தொங்கப் போட்டுப் பாருங்க. வேர் அறுந்தும் வாடாது, நூல் நூலா விழுது இறக்கி மண்ணைத் தேடும். இதைப் பார்த்தவன் கதை கட்டாம இருந்தாத்தான் அதிசயம்.

கடையநல்லூர்: எதிர்ப்பு சக்தி கூடும்னு ஆய்வுல இருக்கா?

தண்டுல உள்ள சில பாலிசாக்கரைடுகள் (மாவுச்சத்து மாதிரியான பொருள்கள்) எதிர்ப்புச் செல்களைத் தூண்டுததை எலியில காட்டியிருக்காங்க. மனுஷங்ககிட்ட பெரிய ஆய்வு குறைவுதான்.

வள்ளியூர்: கொரோனா காலத்துல இருந்து வீட்டுல எல்லாரும் தினமும் சாறு குடிக்கோம். அம்மாவுக்கு ஹாஷிமோட்டோ தைராய்டு, சுகர் மாத்திரையும் உண்டு.

அக்கா, அம்மாவுக்கு இன்னைக்கே நிறுத்துங்க. ஹாஷிமோட்டோன்னா எதிர்ப்புச் செல்லே தன் உடம்பைத் தாக்குத நோய். அதை மேலும் தூண்டிவிடலாமா? சீந்தில் எடுத்தவங்கள்ல 6 பேருக்கு ஈரல் பாதிப்புன்னு 2021-ல மும்பை டாக்டர்கள் எழுதினாங்க. அடுத்த வருஷம் 13 மையங்கள்ல இருந்து 43 பேரோட விவரம் வந்தது. சீந்தில்னு வேற செடியை எடுத்திருப்பாங்கன்னு, சித்த, ஆயுர்வேத மருத்துவத்தைக் கவனிக்கிற மத்திய அரசோட ஆயுஷ் அமைச்சகம் மறுத்துச்சு. மாறாட்டம் நடக்கத்தான் செய்யுது, ஆனா எல்லாத்தையும் அது தலையில கட்டுதது எனக்கு ஒப்பலை. சுகர் மாத்திரையோட சேர்ந்தா சர்க்கரை ரொம்ப இறங்கவும் வாய்ப்புண்டு. கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சாலோ, மூத்திரம் கடுங்காப்பி நிறத்துல போனாலோ உடனே ஈரல் ரத்தப் பரிசோதனை பண்ணுங்க. மத்தவங்களுக்கும் தினசரிச் சாறு வேண்டாம். காய்ச்சலுக்கு வைத்தியர் சொல்லுத அளவு, சொல்லுத நாள், அம்புட்டுதான்.

தென்காசி: மாறாட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்க?

தண்டைத் தடவிப் பாருங்க. நெருக்கமா மரு மரு‌வா உறுத்துனா அது அதே இனத்துல வேற கொடி, அதுவும் ஈரலைக் கெடுத்ததா பதிவு இருக்கு. நம்ம சீந்தில்ல மேல்தோல் காகிதமா உரியும், உள்ள பச்சை. சந்தேகம்னா தொடாதீங்க, சித்த மருத்துவக் கல்லூரியில காட்டுங்க.

சங்கரன்கோவில்: சீந்தில் சர்க்கரையை சுகர்காரங்க சாப்பிடலாமா?

அது இனிப்பு இல்ல. தண்டை இடிச்சுத் தண்ணியில கரைச்சு, தெளிவை இறுத்து இறுத்து அடியில தங்குத வெள்ளை மாவுதான். ஆனாலும் மாத்திரை போடுதவங்க கேக்காம எடுக்காதீங்க.