மருத்துவம் படிக்காத மகள் நோய்ப்பரவலியலுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் முடித்திருக்கிறாள். தொற்றுநோயியல் ஆராய்ச்சியில் சேர விரும்புகிறாள். மருத்துவம் படிக்காதவர்களுக்கு அதில் எதிர்காலம் உண்டா? நிரந்தர வேலை கிடைக்குமா? பிரிட்டனில் ஓராண்டு எம்.பி.எச். (பொது சுகாதார முதுநிலைப் படிப்பு) படித்தால் அங்கேயே வேலை உறுதி என்று ஒரு கன்சல்டன்சிக்காரர் சொல்கிறார். 25 லட்சம் ஆகுமாம். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க வேண்டும். இந்த வாரமே முன்பணம் கட்டச் சொல்கிறார். (ஒரு வாசகர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: முன்பணத்தைக் கட்டாதீர்கள். மற்றவற்றைப் பொறுமையாகப் பார்க்கலாம்.

தொற்றுநோயியல் என்ற பெயரைக் கேட்டவுடன், ஆய்வகத்தில் கிருமியோடு மல்லுக்கட்டும் படிப்பு என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். சர்க்கரை நோய், இரத்தக்கொதிப்பு, சாலை விபத்து, தற்கொலை ஆகியவையும் இதற்குள் அடங்குவதால் நான் நோய்ப்பரவலியல் என்றே எழுதுகிறேன். நோய் யாருக்கு, எங்கே, எப்போது வருகிறது என்று எண்ணி, அது வராதவர்களோடு ஒப்பிட்டு, காரணத்தை நெருங்குவதே இதில் வேலை. உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் வட்டாரத்தில் மழைக்காலந்தோறும் குழந்தைகள் மூளை அழற்சியால் இறந்துகொண்டிருந்தார்கள். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனத்தினரும் பிறரும் நோயுற்ற குழந்தைகளை நலமாயிருந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் உண்ணிக்காய்ச்சலுக்கு அதில் பெரும்பங்கு இருப்பது தெரியவந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கிடைக்கும் மலிவான மருந்தைக் காய்ச்சலின் தொடக்கத்திலேயே கொடுத்தால் மூளை பாதிக்கும் நிலைக்குப் போகாமல் காக்கலாம் என்ற வழி அதன் பிறகுதான் பிறந்தது.

மருத்துவர் அல்லாதவருக்கு இத்துறையில் கதவு பாதிதான் திறந்திருக்கும் என்பது பொதுவான உண்மை. ஆனால் புள்ளியியல் படித்தவர் இந்த விதிக்கு விலக்கு. உங்கள் மகளின் நிலை இதுதான் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். நான் குறிப்பிட்ட சென்னை நிறுவனமே, தொழுநோய்க்கான களப்பிரிவு ஒன்றையும் மருத்துவப் புள்ளியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவாக்கப்பட்டது. அதாவது அதன் பெற்றோரில் ஒருவர் புள்ளியியலே. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பதிவு செய்து, 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி அங்கே தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவை எட்டினார்கள். பிடிவாதமாக எண்ணிக்கொண்டே இருந்தவர்கள் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. இன்றும் ஆய்வுக்குழுவில் மருத்துவர் கிடைத்துவிடுகிறார். கணக்கைக் கையாளத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கும் பாடப்புத்தகக் கணக்கு அன்று. ஒருமுறை கிராமக் கணக்கெடுப்பிலிருந்து வந்த தாள்களில் 45, 50, 55, 60 என்று வயதுகள் கும்பலாக விழுந்திருந்தன. 47ஐயும் 52ஐயும் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பிறந்த ஆண்டு தெரியாதவர்கள் ஐந்திலும் பத்திலுமாகத்தான் வயது சொல்வார்கள். அதே தாள்களில் இளைஞர்கள் மிகக் குறைவு. எங்கள் பணியாளர்கள் காலை பதினொரு மணிக்குப் போயிருந்தார்கள். அந்நேரம் நூறு நாள் வேலைக்கும் மில்லுக்கும் போகாதவர்கள்தாம் வீட்டில் இருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு மறுபடி போய்க் கதவைத் தட்டிய பிறகுதான் அந்த எண்கள் ஊரைப் போல இருந்தன. இதை மேசையிலிருந்தே கண்டுபிடித்தவர் எம்.எஸ்சி. புள்ளியியல் முடித்து வந்த ஒரு பெண்.

கன்சல்டன்சி விஷயத்துக்கு வருகிறேன். “எங்களுக்குச் சேவைக் கட்டணமே கிடையாது” என்று அவர் சொல்லியிருப்பார். பிள்ளையைச் சேர்த்துவிட்டால் பல்கலைக்கழகமே அவருக்குக் கமிஷன் கொடுக்கும். எனவே அதிகக் கமிஷன் தரும் இடம்தான் அவர் வாயில் நல்ல இடமாகிறது. பிரிட்டனில் படிப்புக்குப் பின் தங்கி வேலை தேட இருந்த இரண்டாண்டு அவகாசம், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் முதுநிலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகச் சுருங்குகிறது. அதை அவர் சொன்னாரா? நானறிந்த பிள்ளைகள் பட்டத்தோடு முதியோர் இல்லங்களிலும் கிடங்குகளிலும் வேலை பார்த்து வட்டி கட்டினார்கள். வேலை உறுதி என்பதை நிறுவனத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள். அதன் பிறகு அவர் அழைக்க மாட்டார். பணம் வாங்கிக்கொண்டு மாணவர் பெயரில் கட்டுரை வெளியிட்டுத் தரும் தரகர்களும் இதே கூட்டம்தான். நேர்காணலில் அந்தக் கட்டுரையைப் பற்றி மூன்றாவது கேள்வி கேட்டால் பிள்ளை விழிக்கும்.

நிரந்தர வேலையைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம் என்று பெருமை பேசுகிறோம். அதன் மாவட்டப் பொறுப்புகள் மருத்துவர்களுக்கே. ஆராய்ச்சித் திட்டப் பணிகளோ ஓராண்டு ஒப்பந்தம், பிறகு நீட்டிப்பு, திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. கொரோனாக் காலத்தில் ஊர் ஊராக இரத்த மாதிரி எடுத்துத் திரிந்தவர்களுக்குக் கைதட்டல் கிடைத்தது, பணி நியமனம் கிடைக்கவில்லை. நோய் வந்தால் ஆள் தேடுவதும் ஓய்ந்தால் கலைப்பதும் எத்தனை காலத்துக்கோ! உங்கள் மகளுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தேர்வாணையம் வழியாக நிரப்பப்படும் வட்டார சுகாதாரப் புள்ளியியலாளர் பதவி. மற்றது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விஞ்ஞானிப் பதவி. இதற்கு மேற்படிப்பு வேண்டும், அறிவிப்பும் ஆண்டுதோறும் வராது.

ஆகவே முதலில் எம்.எஸ்சி. உயிர்ப்புள்ளியியல், அதாவது மருத்துவ ஆய்வுக்கான புள்ளியியல், படிக்கட்டும். வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும், மக்கள்தொகைப் படிப்போடு சேர்த்து மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனத்திலும் அது இருக்கிறது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் கணித அறிவியலில் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், முனைவர் படிப்புக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கலாம். எம்.பி.எச். இப்போது அவசரமில்லை. களத்தில் ஓராண்டு இருந்துவிட்டு வந்தவருக்குத்தான் அந்தப் படிப்பு பிடிபடும்.

இந்த ஆண்டு வீணாக வேண்டாம். தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் என்.பி.டி.இ.எல். என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தும் சுகாதார ஆராய்ச்சி அடிப்படைப் பாடத்தை இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் சிறு கட்டணம் உண்டு. திட்டப் பணிகளுக்கு நேரடி நேர்காணல் என்று அறிவிப்பார்கள். அதற்கு அசல் சான்றிதழ்களோடு காலையிலேயே போய்விட வேண்டும். மதிப்பெண் பட்டியலில் உங்கள் பெயரின் முதலெழுத்தும் ஆதாரில் உங்கள் முழுப்பெயரும் இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள். அந்த ஓரெழுத்துக்காக மதியம் வரை வரிசையில் நின்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.