வீட்டு விசேஷ வீடியோவில் முகமெல்லாம் மஞ்சளாக இருக்கிறது, எடிட்டிங்கில் எப்படிச் சரி செய்வது?

அக்கா வளைகாப்பை மொபைலில் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். நம்ம திருநெல்வேலி டவுன் ரத வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளில் இது வழக்கமாக வரும் சிக்கல்தான். முன்பக்கத் தார்சாவிலிருந்து பகல் வெளிச்சம் வரும், உள்கூடமான பட்டாசலில் குண்டு பல்ப் எரியும். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். பல்ப் சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5600-ஐ ஒட்டி. இரண்டையும் ஒரே ஸ்லைடரில் சரி செய்ய முடியாது. அக்கா முகத்தில் எந்த வெளிச்சம் விழுகிறதோ அதற்குச் சரி செய்யுங்கள், ஜன்னலோரம் கொஞ்சம் நீலமாக இருந்தால் இருக்கட்டும்.

ஆனால் நிறத்துக்குப் போகும் முன் வெளிச்ச அளவு. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான வேவ்ஃபார்ம் ஸ்கோப்பில் கீழே 0 (முழுக் கறுப்பு), மேலே 1023 (முழு வெள்ளை) இருக்கும். தலைமுடி 0-க்குச் சற்று மேலும், வெள்ளை வேட்டி உச்சிக்குக் கீழும் நிற்கும்படி லிஃப்ட் (இருண்ட பகுதிக்கு), கெயின் (வெளிச்சமான பகுதிக்கு) இரண்டையும் நகர்த்துங்கள்.

அப்புறம் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும்படி நிறத்தைச் சரி செய்வது. எது வெள்ளை என்று தொட்டுக் காட்டும் பிக்கரை வேட்டியில் வைக்காதீர்கள். சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டியில் லேசான நீலம் இருக்கும். மென்பொருள் அதையே வெள்ளை என்று எடுத்துக்கொண்டு நீலத்தைக் குறைக்கும், முகம் இன்னும் மஞ்சளாகிவிடும். அக்கா உட்கார்ந்திருக்கும் இடத்தில் போட்ட மாக்கோலம் இதற்கு நல்லது.

கன்னத்திலும் கையிலும் பூசிய சந்தனம் மஞ்சளாகத்தான் இருக்க வேண்டும், அதைப் போக்கிவிடாதீர்கள். சந்தனம் படாத கழுத்து மட்டும் தெரியும்படி கிளிப்பைப் பெரிதாக்கி, நிறங்களை வட்டத்தில் காட்டும் வெக்டர்ஸ்கோப்பைப் பாருங்கள். அதிலுள்ள தோல்நிறக் கோட்டை ஒட்டி வந்தால் சரி. கறுப்போ சிவப்போ, எல்லார் தோலும் ஏறக்குறைய அந்தக் கோட்டருகேதான் விழும். வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்ச அளவுதான். அதனால் மாநிறமான அக்காவை வெளுப்பாக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பின்னாளில் பார்க்கப் போவது தன் அம்மாவின் முகத்தை.

சாச்சுரேஷன், அதாவது நிறத்தின் அடர்த்தி, கடைசியில், கொஞ்சமாக. அரக்குப் பட்டின் மடிப்புகள் மறைய ஆரம்பித்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

ஒரே கிளிப்பில் நடுவே நிறம் மாறினால் அது மொபைலின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் செய்கிற வேலை. அந்த இடத்தில் வெட்டி, இரண்டு துண்டையும் தனித்தனியாகச் சரி செய்யுங்கள். எடிட்டிங்குக்கு உட்காரும் முன் கம்ப்யூட்டரில் திரையின் நீலத்தைக் குறைக்கும் நைட் லைட்டை அணைத்துவிடுங்கள், அது இருந்தால் திரையே மஞ்சளாகத்தான் காட்டும்.