தறியைப் படம்பிடித்தல் – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

கும்பகோணத்தில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். கேனான் 6டி வைத்திருக்கிறேன், கூடவே 50 எம்.எம். லென்ஸும் 24-105ம். அதில் வீடியோ எடுக்கலாம் என்பது தெரியும், எடுத்ததில்லை. போன மாதம் திருபுவனத்தில் தெரிந்த நெசவாளர் ஒருவர் வீட்டுப் பட்டுத்தறியை எடுத்துப் பார்த்தேன். ஷட்டர் நொடியில் 1/800, லென்ஸ் திறப்பு (அபெர்ச்சர்) எஃப் 1.8, மற்றதெல்லாம் ஆட்டோ. எங்கே நிறுத்திப் பார்த்தாலும் நல்ல போட்டோவாகத்தான் இருக்கிறது. ஓடவிட்டால் என்னவோ போல் இருக்கிறது. ஊடை இழையோடு தறியில் குறுக்கே ஓடும் நாடா வெட்டி வெட்டி ஓடுகிறது. டியூப்லைட் மினுக்குகிறது. சேலையில் வானவில் மாதிரி கோடு நெளிகிறது. நடந்தபடி எடுத்தாலும் கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் வாங்கினால் எல்லாம் சரியாகும் என்கிறார் நண்பர். வாங்கலாமா? வீடியோவின் இணைப்பை அனுப்பியிருக்கிறேன்.

ரா., கும்பகோணம்

அன்புள்ள ரா.,

வீடியோவை முதலில் சத்தத்தோடு பார்த்தேன், பிறகு சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். சத்தமில்லாதபோது கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவது போலத்தான் இருந்தது. கிம்பலால் அது மாறாது.

முதலில் செட்டிங்கை முடித்துவிடுவோம், அது சுலபம். போட்டோவில் 1/800 நாடாவை அந்தரத்தில் நிறுத்திக் காட்டும், அழகு. வீடியோவில் ஒவ்வொரு பிரேமிலும் நாடா அப்படிக் கூர்மையாக நின்றால் கண் அதை ஓட்டமாகச் சேர்த்துக்கொள்வதில்லை, தாவலாகத்தான் பார்க்கிறது. கொஞ்சம் கலங்கினால்தான் ஓடுகிற மாதிரி இருக்கும். மெனுவில் வீடியோ முறை என்.டி.எஸ்.சி. (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றுங்கள், நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. டியூப்லைட் மினுக்கலும் அதோடு போய்விடும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு நூறு முறை ஏறி இறங்கும். 1/50 வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் முழுசாக இரண்டு ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். 1/800-ல் ஒரு துணுக்குதான் விழும், அது ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு துணுக்கு.

வெயிலில் எடுக்கும்போதுதான் இந்த 1/50 கழுத்தைப் பிடிக்கும். வெளிச்ச உணர்திறனைக் குறைத்து ஐ.எஸ்.ஓ. 100 வைத்தாலும் உச்சி வெயிலில் லென்ஸை எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். அதற்கு என்.டி. ஃபில்டர் வேண்டும், லென்ஸுக்கு முன்னால் போட்டு வெளிச்சத்தைக் குறைக்கிற கறுப்புக் கண்ணாடி. தறி வீட்டுக்குள் அது தேவையில்லை.

வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) ஆட்டோவில் விடாதீர்கள். வாசல் வெளிச்சத்திலிருந்து உள்ளே திரும்பும்போது சுவரின் நிறமே மாறுகிறது பாருங்கள். போட்டோவின் ரா (RAW) ஃபைல் மாதிரி பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று இருக்க முடியாது, இது ஜேபெக் மாதிரி, வெந்தது வெந்ததுதான். சேலையில் நெளிகிற கோடு உங்கள் தவறு இல்லை. வீடியோ எடுக்கும்போது 6டி சென்சாரின் எல்லா வரிகளையும் படிப்பதில்லை, இடையிடையே விட்டுவிடும். பட்டு இழை மாதிரி நெருக்கமான வரிசை அதோடு மோதினால் இப்படி நெளியும். இந்தக் கேமராவுக்கு அது பேர்போன வியாதி. இழை தனித்தனியாகத் தெரியும் அளவுக்குக் கிட்டே போங்கள், இல்லையென்றால் துணியைக் கொஞ்சம் ஃபோகஸுக்கு வெளியே விடுங்கள். ஷார்ப்னெஸ்ஸை மெனுவில் பூஜ்யமாக்குங்கள்.

எஃப் 1.8 ஆசை எல்லா போட்டோக்காரருக்கும் உண்டு. நெசவாளர் ஊடை இழையை நெருக்கும் பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் தலை முன்னும் பின்னும் போகிறது, ஃபோகஸும் கூடவே போய்ப் போய் வருகிறது. 5.6-க்கு மூடுங்கள்.

2008-ல் கேனான் 5டி மார்க் 2 வெளிவந்தபோது அதில் குறும்படம் எடுத்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்த வின்சென்ட் லாஃபோரேயும் பத்திரிகை போட்டோகிராபர்தான். அப்போது அந்தக் கேமராவில் வீடியோவுக்கு ஷட்டரைக் கையால் வைக்கவே வழியில்லை. கேமராவுக்குள் ஓடும் மென்பொருளை (ஃபர்ம்வேர்) புதுப்பித்ததன் மூலம் அந்த வசதி 2009-ல் வந்தது, 25 பிரேம் 2010-ல். அதுவரை நிக்கானின் பழைய லென்ஸை அடாப்டர் போட்டு மாட்டிக் கேமராவை ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு எல்லாம் மெனுவிலேயே இருக்கிறது.

சரி, அந்த ஆல்பம் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஷாட் எதுவும் மூன்று நான்கு நொடியைத் தாண்டவில்லை. நாடா குறுக்கே போகிறது, உடனே கட். முகம் நிமிர்கிறது, உடனே கட். வேண்டியது கிடைத்ததும் விரல் தானாக எழுந்துவிடுகிறது, தொழில் பழக்கம். வெட்டி ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் சதை வேண்டும். கை வருவதற்கு முன்பே ரெக்கார்டை அழுத்திவிட்டுக் காத்திருங்கள், கை போன பிறகும் பிரேமை அப்படியே விடுங்கள். அப்புறம், உங்கள் ஒவ்வொரு பிரேமும் தனக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. மிதி, நாடா, முகம், ஜரிகை எல்லாவற்றையும் ஒரே பிரேமில் அடைக்கிறீர்கள். போட்டோவுக்கு அது திறமை. இங்கே அடுத்த ஷாட்டுக்கு வேலையே இல்லாமல் போகிறது. கயிற்றை இழுக்கும் கையை மட்டும் காட்டினால், அது எதை இழுக்கிறது என்று பார்க்கிறவன் கேட்பான். அடுத்தது நாடா.

தறி இதற்குத் தோதான விஷயம். அவர் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார். குழிக்குள் மிதிக்கும் காலை ஒரு முறை, அச்சு வந்து அடிப்பதை இன்னொரு முறை, முகத்தை வேறொரு முறை என்று நிதானமாக எடுத்து ஒரே அடியில் சேர்த்துவிடலாம். கேமராவை மட்டும் நெடுக்காகத் திருப்பாதீர்கள். நடுவில் இரண்டு ஷாட் அப்படி வந்து இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கிறது.

சத்தம்தான் வீடியோவில் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதுவும் ஒவ்வொரு கட்டுக்கும் அறுந்து அறுந்து வருகிறது. அடி விழும்போது சத்தம் உடைகிறது, அவர் இழை முடிய நிறுத்தும்போது மைக் தன்னால் ஏறி இரைகிறது. மெனுவில் ஒலி அளவை மேனுவலாக்குங்கள். அதைவிட நல்லது, சின்ன ரெக்கார்டரைத் தறிக்குப் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் விடாமல் பதிவு செய்வது. கேமராவிலும் ஒலி ஓடட்டும், இரண்டையும் பொருத்தத் தனியாகக் கைதட்ட வேண்டியதில்லை, பலகை அடிக்கிற அடியே போதும். அந்த ஐந்து நிமிடத்தை அடியில் ஓடவிட்டு மேலே ஷாட்டுகளை அடுக்கிப் பாருங்கள். உள் அறையில் சௌராஷ்டிர மொழியில் யாரோ பேசுவது கேட்கிறதே, அதையும் வெட்டாதீர்கள்.

கிம்பல் இப்போது வேண்டாம். அந்த அறையில் கிம்பலைத் தூக்கிக்கொண்டு எங்கே நடப்பீர்கள்? குழித்தறியில் உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்தில் இருக்கிறது. நீங்கள் நின்றபடியே எடுத்ததால் பாதி ஷாட்டில் அவர் உச்சந்தலைதான் தெரிகிறது. தரையோடு கால் விரியும் ட்ரைபாட் ஒன்று, அதற்குக் கேமராவை வழுக்கலாகத் திருப்ப ஃப்ளூயிட் ஹெட், மிச்சப் பணத்தில் ரெக்கார்டர். முகூர்த்த சீசன் தொடங்குவதற்குள் இன்னொரு தடவை போய் வாருங்கள். போகும்போது போன தடவை எடுத்த போட்டோவில் இரண்டைப் பிரிண்ட் போட்டு அவருக்குக் கொடுங்கள்.