யாரும் ஏலம் கேட்காத மாதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 29. வீடு எர்ணாவூர். அப்பா எண்ணூர் முகத்துவாரத்தில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்ததே, அதில் வலையெல்லாம் போயிற்று. தெருவில் ஒருவர் எல்லோருக்கும் நிவாரண மனு எழுதிக் கொடுத்தார், ஓரளவு பணம் வந்தது. அதற்கப்புறமும் எண்ணூர் மீன் என்றால் பல மாதம் வாங்க ஆளில்லை. இப்போது எனக்கும் வேலை போய்விட்டது, கான்ட்ராக்ட்டைப் புதுப்பிக்கவில்லை. தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம், அதுவும் நின்றுவிட்டது. இரவில் தூக்கம் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கேரம் கிளப்புக்குப் போவதைக்கூட விட்டுவிட்டேன்.

வடசென்னைக்காரன் எதையும் தாங்குவான் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் அந்தத் தெம்பு இல்லை? படுகிற பாட்டுக்கெல்லாம் ஏதாவது அர்த்தம் உண்டா, இல்லை தலையெழுத்துதானா? மனதைத் திடப்படுத்த ஒரு புத்தகம் சொல்வீர்களா? தியானம் உதவுமா?

பி., எர்ணாவூர்

*

அன்புள்ள பி.,

புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். தூக்கம் வராமல் ராத்திரி இரண்டு மணிக்குப் படிக்கிற புத்தகம் யாருக்கும் நல்லது செய்து நான் பார்த்ததில்லை. தியானம் பிடித்தால் செய்யுங்கள். தலையெழுத்தைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அதனால் உங்களுக்குக் காலணா பிரயோசனம் இல்லை. தூக்கமின்மை இப்படியே நீடித்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போய் மனநலப் பிரிவில் காட்டுங்கள். வெட்கப்படாதீர்கள். ஓ.பி. சீட்டு வாங்கக் காலையிலேயே போய் நிற்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை எரிச்சல்படுத்தியது. ‘வடசென்னைக்காரன் எதையும் தாங்குவான்.’ இதை முதலில் சொன்னவன் யார் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? ஊரின் குப்பையைக் கொடுங்கையூரில் கொட்டினார்கள், தாங்கினோம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓட ஆரம்பித்து 2017-இல் மூடப்படும்வரை அதன் புகையைக் குடித்தோம். அனல்மின் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்து ஆழம் குறைந்தது, இடுப்பளவு தண்ணீர் இருந்த இடத்தில் முழங்காலளவு நிற்கிறது என்று உங்கள் அப்பாவே சொல்லியிருப்பார். அப்புறம் எண்ணெய். கூழைக்கடாக்கள் கறுத்துப்போய்ப் பறக்க முடியாமல் நின்றன. மீனவர்கள் ஒழுங்கான கையுறைகூட இல்லாமல் மக்கிலும் வாளியிலும் எண்ணெயை மொண்டு எடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ‘என்ன ஒரு மன உறுதி’ என்று என்னிடமே வியந்தார் ஒரு நண்பர், அண்ணா நகர்க்காரர். மூட்டை தூக்குகிறவனை ‘சரியான பலசாலிடா நீ’ என்று முதுகில் தட்டிவிட்டு இன்னொரு மூட்டையை ஏற்றுகிற மேஸ்திரியின் பாராட்டு அது. அதை நீங்கள் நம்பிக்கொண்டு, தெம்பு இல்லையே என்று உங்களையே குறை சொல்லிக்கொள்கிறீர்கள். வலை போய், வேலை போய், தங்கை கல்யாணமும் நின்றபின் தூக்கம் வராமல் இருப்பது நியாயமான காரியம். தூக்கம் வந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

சரி, கோபத்தை விடுகிறேன். உங்கள் கடிதம் வந்த சமயத்தில் நான் 1918-ஐப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பமானது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று. எல்லோரும் இந்த இரண்டு பெயரோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்குப் பிடித்த பகுதி அதற்கு முந்தையது. செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்று இரண்டு பேர். செல்வபதி செட்டியார் நடத்தியது ஒரு பஜனை சபை, வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று பெயர். பின்னி மில் தொழிலாளிகள் அங்கே பாட்டும் உபன்யாசமும் கேட்க வருவார்கள். வந்த இடத்தில் மில் கஷ்டத்தையும் பேசுவார்கள். மதியம் சாப்பிடக்கூட நேரம் பற்றாத கதையைப் பேசுவார்கள். சங்கம் பிறக்கிறதற்கு முன்பே இந்த ஆட்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பழகியிருந்தார்கள். கஷ்டம் முற்றிய பிறகு ஆள் தேடவில்லை.

இதை ரொம்பப் பூசி மெழுகவும் வேண்டாம். 1921-இல் பின்னி மில் வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டபோது, வேலைக்குத் திரும்பிய ஆதிதிராவிடத் தொழிலாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் நடுவில் கலவரம் வெடித்தது, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. எந்தச் சாதியோடு சேர்ந்து உட்காரவில்லையோ அந்த இடத்தில்தான் அறுந்தது. ஒற்றுமை வாழ்க என்று சங்க விழாக்களில் பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள்.

இதைப் படிக்கிறபோதெல்லாம் எங்கள் வீட்டு ஞாபகம் வருகிறது. கொருக்குப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையைக் கதவடைப்பு செய்துவிட்டார்கள். இன்று திறக்கும், நாளை திறக்கும் என்று கொஞ்ச நாள் கேட் வாசலில் போய் நின்றார். பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அம்மா ஒரு ஏலச் சீட்டில் இருந்தார். கடைசி வீட்டு ஆயா பிடித்த சீட்டு. காலையில் ஆப்பமும் வடகறியும் போடுகிற ஆயா. இருபது பேர், தலைக்கு நூறு ரூபாய், ஆக இரண்டாயிரம். அவசரம் உள்ளவர்கள், இந்தத் தொகையில் இவ்வளவு விட்டுக்கொடுக்கிறேன் என்று தள்ளிக் கேட்பார்கள். ஒருத்தி முந்நூறு தள்ளுகிறேன் என்பாள், இன்னொருத்தி ஐந்நூறு என்பாள். அதிகம் தள்ளியவளுக்குச் சீட்டு. தள்ளிய பணத்தை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதாவது பக்கத்து வீட்டு அவசரத்தில்தான் இவர்களுக்கு லாபம்.

அந்த மாதம் அம்மா ‘இருநூறு’ என்றார், யாருக்கும் கேட்காத குரலில். ஆயா நாற்பது பக்க நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். போன மாதம் சீட்டுக்காக ஆயாவோடு சண்டை போட்ட ஒரு அக்கா, மகளுக்கு வளைகாப்பு வைத்திருந்தவர், முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருந்தார். வாயைத் திறக்கவில்லை. யாருமே திறக்கவில்லை. ‘இன்னாமே, ஒருத்தியும் கேக்கலியா? செரி, நீ இருநூறெல்லாம் தள்ளாத. அம்பது தள்ளிக்கினு எட்த்துக்க. சீட்டுன்னா கொஞ்சமாச்சும் தள்ளணும்’ என்று எழுதிக்கொண்டார் ஆயா. வாடகை பாக்கியும் என் ஸ்கூல் பீஸும் அதில் போயிற்று. மறுநாள் காலை குழாயடியில் அதே பெண்கள் அம்மாவோடு குடம் வைக்கிற சண்டையில் தலைமயிரைப் பிடிக்காத குறை. தியாகிகள் என்று யாரையும் நினைத்துவிடாதீர்கள். சீட்டுப் பணத்தோடு ராவோடு ராவாக ஓடிப்போனவர்களும் எங்கள் தெருவிலேயே உண்டு.

அப்பாவுக்கு அந்தக் கஷ்டத்தில் எந்த அர்த்தமும் கிடைத்ததாகத் தெரியவில்லை. மூலக்கொத்தளத்தில் ஒரு லேத் பட்டறையில் பாதிச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். எழுந்து போய்ச் சேர்கிறவரை வீட்டில் அடுப்பு எரிந்தது, அவ்வளவுதான். அவர் மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழவில்லை. சும்மா படுத்திருக்க அவருக்கு அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தை வாங்கிக் கொடுத்தது அம்மா மாசாமாசம் சீட்டுக்குப் போய் உட்கார்ந்த ஆயா வீட்டுத் திண்ணை.

இப்போது சொல்லுங்கள், கேரம் கிளப்பை எதற்கு விட்டீர்கள்? இத்தனை கஷ்டத்துக்கு நடுவில் ‘போவதைக்கூட’ என்று ஒரு ‘கூட’ போட்டு ஒற்றை வரியில் தள்ளிவிட்டீர்கள். எனக்கு ஆத்திரம் வந்த இரண்டாவது இடம் அது. மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரமில் உலக சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா, நம் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள். நீங்கள் சாம்பியன் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு அறை, தலைக்கு மேலே பல்பு தொங்குகிற சில போர்டுகள், போரிக் பவுடர் வாசனை. அதை நம்பித்தான் இவ்வளவும் நடந்தது. வேலை இல்லாதவன் கேரம் ஆட வந்துட்டான்பா என்று எவனாவது சொல்வான் என்றுதானே போகவில்லை? சொல்வான். ரெட் காயைப் போட்டுவிட்டு, அடுத்துப் போட வேண்டிய ஃபாலோ காயைத் தவறவிடுகிறபோது இன்னும் மோசமாகவே சொல்வான். சொல்லிவிட்டுப் போகட்டும். வேலை போனதை அங்கே வாய்விட்டுச் சொல்லுங்கள். அம்பத்தூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று யாருக்காவது தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை போய்விடுங்கள்.

தங்கை கல்யாணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. முதலில் அவளிடம் கேளுங்கள். நின்றுபோனதில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருக்கும்.

இன்னொன்று. நிவாரண மனுக்களை எழுதிக் கொடுத்தவரை ‘ஒருவர்’ என்று சொல்லி நகர்ந்துவிட்டீர்கள். அவர் யார், என்ன வேலை பார்க்கிறார், எத்தனை வீட்டுக்கு எழுதினார், யாராவது அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்தீர்களா? விசாரித்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.