மின்ட்: புதினாவா, காசா?

பற்பசையிலும் மின்ட், காசு அடிக்கும் இடமும் மின்ட். இரண்டுக்கும் என்ன உறவு?

ஒரு உறவும் இல்லை. எழுத்தும் உச்சரிப்பும் ஒன்றாக அமைந்துவிட்ட இரண்டு தனிச் சொற்கள் இவை. புதினாவைக் குறிக்கும் மின்ட், கிரேக்க 'மிந்தே'யிலிருந்து லத்தீன் 'மெந்தா' வழியாக வந்தது. பாதாள அரசனின் கண் மிந்தே என்ற பெண் மீது விழ, அவன் மனைவி பெர்செபொனி அவளைச் செடியாக்கிவிட்டாள் என்பது கிரேக்கப் புராணம். (பாவம், தண்டனை என்னவோ அவளுக்குத்தான்!)

காசு மின்ட்டின் வேர் லத்தீன் 'மொனேட்டா'. ரோமின் கேபிடோலைன் குன்றில் ஜூனோ மொனேட்டா என்ற தேவிக்குக் கோயில் இருந்தது. நாணயச் சாலையும் அதை ஒட்டியே இயங்கியதால், தேவியின் அடைமொழி காசுக்குப் பெயராகிவிட்டது. பழைய ஆங்கிலத்தில் 'மினெட்' என்றால் காசுதான். காசு அடிக்கும் இடத்தைக் குறித்தது பிற்பாடு. அதே மொனேட்டா பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்து ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'மணி' ஆனது. ஆக, மணிக்கும் மின்ட்டுக்கும் ஒரே பாட்டி.

சென்னை மின்ட் பஸ் நிலையம் எந்த மின்ட்?

காசுதான். கம்பெனிக் காலத்தில் அங்கே நாணயச் சாலை இருந்தது. பிறகு அந்த இடத்துக்கு அரசு அச்சகம் வந்தது. தெருவின் தமிழ்ப் பெயரே தங்கசாலைதானே! இதே பொருளில் 'அக்கசாலை' என்ற பழைய சொல்லும் அகராதியில் இருக்கிறது. அதை யாரும் எடுத்து ஆளாதது எனக்குக் குறைதான்.

பழைய பைக் விளம்பரத்தில் 'மின்ட் கண்டிஷன்' என்கிறார்களே?

பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த காசுபோல, கைபடாத புதுசு என்று பொருள். நாணயம், தபால்தலை சேகரிப்பவர்களின் பேச்சிலிருந்து பரவியது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பைக்குக்கு அது கொஞ்சம் ஓவர்.

'மின்டிங் மணி' என்றால் நோட்டு அடிப்பதா?

பணம் கொழிக்கிறது என்போமே, அதுதான். நேர்ப்பொருளில் பார்த்தால் மின்ட்டில் காசு மட்டுமே அடிப்பார்கள். நோட்டுக்குத் தனி அச்சகங்கள்: நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி. காசுக்கு மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. உங்கள் கையில் இருக்கும் காசில் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைர வடிவம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா.