பருவநிலை மாற்றமும் ஏற்றத்தாழ்வும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒரே பொருளைத் தொட்டவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கிப் பதில் எழுதியிருக்கிறேன்.

செந்தூல் வாசகர்: மழையும் வெயிலும் ஏழை, பணக்காரன் என்று பார்ப்பதில்லையே ஐயா. பிறகு ஏன் பருவநிலை மாற்றத்தைச் சமூக ஏற்றத்தாழ்வோடு முடிச்சுப் போடுகிறீர்கள்?

மழை பார்ப்பதில்லை என்பது சரி. ஆனால் இழப்பை முடிவு செய்வது மழை மட்டும் அன்று. வீடு மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா, வருமானம் மாதச் சம்பளமா நாட்கூலியா, கையிருப்பு எத்தனை வாரத்துக்குத் தாங்கும் என்பவை முதல் துளி விழுவதற்கு முன்பே முடிவாகிவிட்டவை. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும் என்பது இயற்பியல். அந்த ஈரம் யார் வீட்டுக்குள் வந்து நிற்கும் என்பதை இயற்பியலில் தேடிப் பயனில்லை.

2021 டிசம்பரில் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை எல்லாரும் அறிவோம். அங்கே இரண்டு மாடி வீட்டுக்காரர்கள் மேல்மாடிக்கு ஏறிக்கொண்டார்கள். தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தவர்களுக்கோ குளிர்பதனப் பெட்டி, மெத்தை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்த கோப்பு ஆகிய அனைத்தும் ஒரே இரவில் சேறாயின. அந்தப் பருவத்து வெள்ளத்தின் நாடளாவிய இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்றும், அதில் குடியிருப்புகளின் பங்கு 1.6 பில்லியன் என்றும் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. ரிங்கிட்டில் எண்ணும் கணக்குக்கு ஒரு குணம் உண்டு. வீட்டிலிருந்த அத்தனையும் போனாலும் அவற்றின் மதிப்பு ஐயாயிரம்தான் என்றால், அக்குடும்பம் ஐயாயிரமாகவே பதிவாகும். இன்னொருவரின் காரில் ஏற்பட்ட பழுது அதைவிடப் பெரிய இழப்பாகத் தெரியும். முன்னவருக்குப் போனது வாழ்க்கையின் மொத்தச் சேமிப்பு என்பதைக் காட்ட அந்த அட்டவணையில் இடமில்லை. வேலைக்குப் போக முடியாத நாட்களின் கூலியையும் பலர் எங்கும் பதிவு செய்வதில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகி: கோலாலம்பூரில் ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறது. பள்ளமான குடியிருப்புகளுக்கு மட்டும் ஏன் அத்தகைய பாதுகாப்பு கிடைப்பதில்லை?

2007இல் திறக்கப்பட்ட அந்தச் சுரங்கம் நகர மையத்தைக் காப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது. ஆற்று நீரை மையத்துக்கு வருமுன் திருப்பிவிடும் தன் வேலையை அது நன்றாகவே செய்கிறது. அதைக் குறை சொல்வது என் நோக்கமன்று. உலகெங்கும் வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கும் முறையில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு ஆகும் செலவையும், அதனால் தவிர்க்கப்படும் சொத்துச் சேதத்தையும் ஒப்பிட்டே பெரும்பாலும் முன்னுரிமை தீர்மானிக்கப்படுகிறது. வங்கிக் கட்டடங்களும் பேரங்காடிகளும் நிற்கும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும், மலிவு விலை வீடுகள் நெருங்கி நிற்கும் ஒரு சதுர கிலோமீட்டருக்கும் இந்தக் கணக்கைப் போட்டால் எது வெல்லும் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த அதிகாரியும் ஓரவஞ்சனை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. சூத்திரமே அதைச் செய்துவிடும். பாதிக்கப்படும் மக்களின் எண்ணிக்கையையும், அவர்கள் மீண்டெழ ஆகும் காலத்தையும் அந்தச் சூத்திரத்தில் சேர்க்க வேண்டும் என்பதே என் கருத்து.

ஜார்ஜ்டவுன் வாசகர்: 2017இல் தஞ்சோங் பூங்காவிலும் 2018இல் புக்கிட் குக்குஸிலும் நிலச்சரிவில் தொழிலாளர்கள் இறந்தார்களே, அவை பருவநிலை மாற்றத்தின் விளைவுகள்தாமே?

இல்லை, அப்படி எழுதுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். தஞ்சோங் பூங்காவில் பதினொருவரும் புக்கிட் குக்குஸில் ஒன்பது பேரும் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர்கள். இரண்டும் கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்த சரிவுகள். மலையை எப்படி வெட்டினார்கள், சரிவை யார் மேற்பார்த்தார்கள் என்பவையே அங்கு கேட்க வேண்டிய கேள்விகள். எல்லாவற்றையும் பருவநிலையின் தலையில் கட்டினால், பொறுப்பேற்க வேண்டியவர்கள் வானத்தைக் காட்டித் தப்பிவிடுவார்கள். கனமழை அடிக்கடி வரப்போகிறது என்று தெரிந்த பிறகும் சரிவில் பழைய அலட்சியத்துடன் வேலை வாங்குவது முன்னைவிடப் பெரிய குற்றம் என்று சொன்னால், அதை ஏற்கிறேன்.

நிபோங் திபால் வாசகி: என் பெற்றோர் ரப்பர்த் தோட்டத்தில் மரம் சீவியவர்கள். மழைக்காலம் என்றாலே வீட்டில் கடன் என்பார்கள். இன்று தோட்டத்தில் இருப்பவர்களுக்கு நிலைமை மாறியிருக்கிறதா?

மரமும் மாறவில்லை, மழையில் மரம் சீவ முடியாது என்பதும் மாறவில்லை. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காமல் மரமெங்கும் வழியும். மங்கில், அதாவது பால் வடியும் கிண்ணத்தில், சேர்ந்தது மழைநீரோடு கலந்து வீணாகும். எனவே விடியற்காலை மழை என்றால் அன்றைய வேலை இல்லை, எடைக்குக் கூலி வாங்குபவருக்கு வருமானமும் இல்லை. இப்போது வெட்டுக்கோட்டுக்கு மேல் மரத்தைச் சுற்றி மழைத்தடுப்புப் பாவாடை கட்டுகிறார்கள். அது ஓரளவு உதவும்.

பாமாயில் தரும் செம்பனைத் தோட்டத்தில் வெயில்தான் பெரிய தொல்லை. குலை வெட்டுவதும் சுமப்பதும் உடலை உருக்கும் வேலைகள். 2030க்குள் உலகின் மொத்த வேலை நேரத்தில் 2.2 விழுக்காடு வெப்பத்தால் இழக்கப்படலாம் என்றும், அந்த இழப்பில் 60 விழுக்காடு விவசாயத்திலும் 19 விழுக்காடு கட்டுமானத்திலும் இருக்கும் என்றும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணித்தது. நம் நாட்டில் வேலையிட வெப்பத்துக்கு 2016 முதல் ஒரு வழிகாட்டிக் கையேடு உண்டு. வெப்பமானி இத்தனை டிகிரி காட்டினால் வெளிவேலையை நிறுத்தியே ஆக வேண்டும் என்று அது கட்டாயப்படுத்துவதில்லை. கையேட்டை நம்பி எடைக்கூலித் தொழிலாளி நிழலில் உட்கார்ந்தால், இழப்பு அவருடையதே.

பட்டர்வொர்த் வாசகர்: அரிசி விலை ஏறியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 2023 ஜூலையில், சீரற்ற பருவமழையும் எல் நினோ அச்சமும் நிலவிய வேளையில், உள்நாட்டு விலையைக் கட்டுக்குள் வைப்பதற்காக இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. உலகச் சந்தை இறுகியது. செப்டம்பர் 1ஆம் தேதி, நாட்டின் அரிசி இறக்குமதியைக் கையாளும் பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200 ரிங்கிட்டுக்கு உயர்த்தியது. உள்ளூர் அரிசியின் கட்டுப்பாட்டு விலையோ 10 கிலோவுக்கு 26 ரிங்கிட்டிலேயே நின்றது. இடைவெளி விரிந்ததும், அதுவரை இறக்குமதி அரிசி வாங்கியவர்களும் உள்ளூர் அரிசிக்குத் தாவினார்கள். காரில் வந்தவர்கள் நான்கைந்து மூட்டைகளாக ஏற்றிக்கொண்டு போனார்கள். சம்பளம் வந்த பிறகு ஒரு மூட்டை வாங்கலாம் என்றிருந்தவர் கடைக்குப் போனபோது அலமாரி காலி. கட்டுப்பாட்டு விலை யாருக்காக வைக்கப்பட்டதோ, அவர்தான் விலையுயர்ந்த அரிசியை வாங்க நேர்ந்தது.

செராஸ் வாசகி: நாங்கள் மலிவு விலை அடுக்குமாடியில் இருக்கிறோம். இரவு பன்னிரண்டு மணிக்கும் வீடு கொதிக்கிறது. சூரியசக்தித் தகடு போட அரசு உதவுகிறது என்கிறார்கள், நாங்கள் விண்ணப்பிக்கலாமா?

மேற்கு நோக்கிய கான்கிரீட் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்துவிட்டு நள்ளிரவுவரை உள்ளே கக்கும்; விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிவிடுகிறது. பக்கத்து வீட்டில் குளிரூட்டி ஓடினால், அதன் வெளிப்பெட்டி தள்ளும் அனலும் உங்கள் சன்னலுக்கே வரும்.

சூரியத் தகடுக்கு 2024இல் 4,000 ரிங்கிட் வரை ரொக்கச் சலுகை அறிவிக்கப்பட்டது உண்மைதான். ஆனால் தகடு பொருத்தச் சொந்தக் கூரை வேண்டும். அடுக்குமாடியில் கூரை பொதுச் சொத்து. ஆகவே பொதுப்பணத்தில் தரப்படும் இத்தகைய சலுகை, பெரும்பாலும் தரைவீட்டுக்காரர்களுக்கே போய்ச் சேர்கிறது. நீங்கள் தனியாக விண்ணப்பிப்பதைவிட, குடியிருப்பாளர் சங்கம் வழியாக மேற்கூரைக்கும் மேற்குச் சுவருக்கும் வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு கேட்பது நடைமுறைக்கு ஏற்றது.

கெப்போங் வாசகர்: உலகைக் கெடுத்தவை பணக்கார நாடுகள். நாம் ஏன் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டும்? காருக்கு வெள்ளக் காப்புறுதி எடுத்தால் போதாதா?

1990 முதல் 2015 வரையிலான கரிம உமிழ்வில் 52 விழுக்காடு உலகின் மிகச் செல்வந்தரான பத்து விழுக்காட்டினருடையது என்றும், அடித்தட்டுப் பாதி மக்களின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே என்றும் ஆக்ஸ்பாம் தொண்டு அமைப்பு 2020இல் கணக்கிட்டது. ஆனால் அந்தச் செல்வந்தர்கள் எல்லாரும் மேற்கில் இல்லை. ஒரு மலேசியரின் சராசரி ஆண்டு உமிழ்வு சுமார் 8 டன். இந்தியாவில் வாழும் ஒருவருடையது சுமார் 2 டன். அந்த எட்டு டன்னும் சராசரிதான். மூன்று கார் நிற்கும் வீட்டுக்கும் செராஸ் வாசகியின் வீட்டுக்கும் அது பொருந்தாது.

காப்புறுதியைப் பொறுத்தவரை, முழுமைக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதம் அதில் தானாக அடங்காது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பிரிவைத் தனியே கட்டணம் கொடுத்துச் சேர்க்க வேண்டும். சாலை வரி புதுப்பிக்கும்போது மறவாமல் கேளுங்கள். பிறருக்கு நேரும் சேதத்தை மட்டும் ஈடுசெய்யும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுபவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வண்டி மூழ்கினால் பழுதுச் செலவு அவர் கையிலிருந்துதான் போகும், அது ஓடும்வரை வேலைக்குப் போவதும் சிரமம்.